ப்ரிஸியின் பதினொரு புத்தகங்களும் என் வயிற்றெரிச்சலும்

செய்தி வந்தபோது நான் காலேஜ் கேன்டீனில் பாதி சமோசாவோடு உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். நம் வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் நெல்சன் அண்ணன் இரண்டே வரி போட்டிருந்தார். டெங்கு காய்ச்சலோடு நான்கு நாளாகப் படுத்திருந்த பிரிசில்லா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள், அடக்க ஆராதனை பற்றிப் பிறகு சொல்கிறேன் என்று. அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. நான் கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்தேன். நெல்சன் அண்ணனின் செய்திக்கு நேர் மேலே, அன்று காலை எட்டரை மணிக்கு நான் போட்ட செய்தி இருந்தது. "வாலிபர் ஞாயிறு ஆராதனை ஆர்டர் நானே ரெடி பண்றேன். ப்ரிஸி அக்கா நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்." பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

அந்த இதயத்தைப் பார்த்து உங்களில் பலர் என்னைப் பாசக்காரி என்று நினைத்திருப்பீர்கள். அது பாசம் இல்லை, வெற்றிக்கொடி. அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழித்தால் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்று அதே இடத்தில் நிற்கும், அது இன்னும் மோசம். அப்படியே விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

நம் மாத இதழுக்கு ப்ரிஸியைப் பற்றி எழுதச் சொல்லி நெல்சன் அண்ணன் என்னைத்தான் கேட்டார்.

"ஏஞ்சல், நீதான் எழுதணும். நீதானே அவ கூடவே இருந்தே."

"கூடவே இல்லண்ணா. எதிர்லயே இருந்தேன்."

"சரி, அதையே எழுது. கொஞ்சம் மரியாதையா எழுது, ஆயர் படிப்பாரு."

ஆகவே ஆயர் அவர்களே, ஐக்கியத்தாரே, மரியாதையாகவே தொடங்குகிறேன். மூன்று வருடம் நான் பிரிசில்லாமீது பொறாமைப்பட்டேன். சும்மா லேசாக இல்லை, நம் காக்ஸ் டவுனிலிருந்து அவளுடைய ஜீவனஹள்ளி வரை நடந்துபோகும் தூரம் முழுக்கப் பட்டேன். செத்துப்போன பிறகும் பட்டேன். அவளைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான். ஒருத்தி என்னென்ன நன்றாகச் செய்தாள் என்று அவளைப் பிடித்தவர்களைவிட அவளைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் ஏஞ்சலின். பெயர் வைத்ததோடு தேவதைத்தனம் முடிந்துவிட்டது. பாட்டு எண்கள் மாட்டும் பலகையில் எண்களை இடம் மாற்றி, ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தன்று சபை முழுவதையும் அடக்கப் பாட்டில் ஒன்றரைச் சரணம் பாட வைத்தது நான்தான். வேதபாடம் எனக்கு வேதனைப்பாடம் என்று ஞாயிறு பள்ளித் தேர்வுத் தாளில் எழுதி, பெற்றோரோடு ஆயர் வீட்டுக்குப் போனதும் நான்தான். பதினான்கு வயதில் வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்தேன். அதே மாதம்தான் ப்ரிஸியும் சேர்ந்தாள். அவளுக்குப் பத்தொன்பது. ஜீவனஹள்ளியிலிருந்து வருவாள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை. சேர்ந்த மூன்றாவது ஞாயிறே கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் போய், ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் கண்ணாடி அலமாரிக்குச் சாவி கேட்டாள்.

அந்த அலமாரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் காலியான பூச்சாடிகளை வைப்போம். உள்ளே பதினொரு புத்தகங்கள் இருப்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. வருடத்தின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் எந்த வேதபகுதி, என்ன பொருள் என்று வரிசைப்படுத்திய தடிப் புத்தகம் ஒன்று. ஜெபத் தொகுப்புகள் இரண்டு. வீட்டுக் கூட்டங்களில் வேதபாடம் நடத்தக் கேள்விகளோடு இருக்கும் பச்சை அட்டைப் புத்தகம். குழந்தைகளுக்கு ஐந்து நிமிடச் செய்தி சொல்ல ஒன்று. சபைக்காக மன்றாட்டு ஜெபம் நடத்துவது எப்படி என்று ஒரு பழுப்புப் புத்தகம். பாட்டுத் தேர்வுக்கு ஒரு ஒல்லிப் புத்தகம். இப்படித் தமிழில் ஏழு, ஆங்கிலத்தில் மூன்று, எப்படியோ வந்து சேர்ந்த கன்னடப் புத்தகம் ஒன்று. யாரோ ஒரு பழைய ஆயர் வாங்கிவைத்துவிட்டு மாற்றலாகிப் போயிருக்கிறார். அதுவரை நம் ஐக்கியத்தின் ஆராதனைத் திட்டம் என்பது, போன வருடத் தாளைத் தேதி மாற்றி ஜெராக்ஸ் எடுப்பது. ஒரு வருடம் தேதியையும் மாற்றவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ப்ரிஸி அந்த அலமாரியைத் திறந்தபோது பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அன்றைக்கே நான் அவளுக்குப் "பிரிச்சா பிரிசில்லா" என்று பட்டம் வைத்தேன். வயிறெரிந்து வைத்த பெயர். அவளோ அதைத் தன் போனில் தன் பெயராகவே மாற்றிக்கொண்டாள். கேலி செய்ய வந்தவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆராதனையோ ஜெபக்கூட்டமோ முடிந்ததும் எல்லோரும் வாசலில் நின்று டீ குடிக்கும்போது, அவள் வெஸ்ட்ரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அன்று பயன்படுத்திய புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். எந்த ஜெபத்தை எங்கே பயன்படுத்தினாள், அதில் என்ன தப்பாகப் போனது. தப்பாகப் போனது மட்டும். கோயில் புத்தகத்தில் கிறுக்குகிறாளே, மாட்டிக்கொள்வாள் என்று நான் ஆசையோடு ஆயரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு பக்கம் வாசித்தார். "பேனாவுல எழுதாத வரைக்கும் சரி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"நல்லாப் போனதையும் எழுதேன், நாலு பேர் மெச்சட்டும்" என்றேன் நான்.

"நல்லாப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்டி" என்றாள். "சொதப்புனது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்கலைன்னா அடுத்து வர்றவங்களும் அதே எடத்துல விழுவாங்க."

"விழட்டுமே. நாம சிரிக்கலாம்."

"நீ சிரி. நான் எழுதறேன்."

எனக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது ஜீவனஹள்ளியில் சரோஜா ஆன்ட்டி வீட்டில் நடந்த வேதபாடக் கூட்டத்தில். ப்ரிஸிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் என்னை நடத்தச் சொன்னார்கள். பச்சை அட்டைப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு பயமும் இல்லை. அது நடத்துகிறவருக்கான புத்தகம். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும், கூட்டத்தார் இப்படிச் சொல்லக்கூடும் என்று பொடி எழுத்தில் விடை இருக்கும். நான் கேள்வியை வாசித்து, அதே மூச்சில் விடையையும் வாசித்துவிட்டேன். பன்னிரண்டு கேள்விகள், ஒன்பது நிமிடத்தில் முடிந்தன. யாரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. "ஆமென்" என்று புத்தகத்தை மூடினேன். கூடத்தில் பதினைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறை வாசலிலிருந்து சரோஜா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா கண்ணு? காபிக்கு இன்னும் பாலே வைக்கலையே."

ப்ரிஸி கட்டின தொண்டையோடு எழுந்தாள். என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கவில்லை. நான் வாசித்ததில் நான்காவது கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டாள். நாம் ஒருவரை மன்னித்துவிட்டோம் என்பது நமக்கு எப்படித் தெரியும் என்பது கேள்வி. கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆட்டோக்காரர் தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இன்னொருவர். காபி வந்து, ஆறி, மறுபடி சுடவைத்து வந்தது. நான் அந்தத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இவள் எப்படி நாற்பது நிமிடம் ஓட்டினாள் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது கேட்டாள்: "வீட்ல வாய்விட்டுப் படிச்சுப் பாத்தியா?"

"கண்ணால படிச்சேன்."

"நான் கண்ணாடிக் கடையில வேலை செய்றவ. சொல்றேன் கேளு, கண்ண நம்பாத."

இந்த மாதிரிப் பதில்கள் என் சரக்கு. என்னிடமிருந்து திருடி என்மேலேயே வீசினால் யாருக்குத்தான் பொறுக்கும்? பழிவாங்கத் தீர்மானித்தேன்.

ஆராதனை முறைமைத் தாளை டைப் செய்வது என் வேலை, வீட்டில் லேப்டாப் இருந்ததால் மட்டும் எனக்குக் கிடைத்த ஊழியம். மாறிமாறி வாசிக்கும் ஜெபங்களில் நடத்துகிறவர் சொல்வது சாதாரண எழுத்தில் இருக்கும், சபை சொல்வது தடித்த எழுத்தில் இருக்கும். நம் சபையார் தடித்த எழுத்தைக் கண்டால் யோசிக்கமாட்டார்கள், வாசித்துவிடுவார்கள். ஒரு ஞாயிறு மாலை ஆராதனைக்கு ப்ரிஸி முறைமை தயாரித்திருந்தாள். அவள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த குறிப்புகளை நான் அடைப்பை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்தாக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். பாவ அறிக்கை முடிந்ததும் இருநூறு பேர் ஒரே குரலில், பக்தியோடு, நின்றுகொண்டிருந்த ஆயரைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஆயர் இப்போது அமரலாம்."

ஆயர் சபையைப் பார்த்தார். சபை ஆயரைப் பார்த்தது. அவர் உட்கார்ந்தார். அடுத்த பாட்டுக்கு முன்னால் சபை மறுபடி முழங்கியது: "பாடகர் குழுவினர் சத்தமில்லாமல் முன்னே வரவும்." பாடகர் குழுவினரும் தாளைப் பார்த்து அதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

தாளின் அடியில் "தயாரிப்பு: பிரிசில்லா" என்று இருந்தது. ஆயர் அவளை அழைத்துக் கேட்பார் என்று தூணுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அவர் வாசலில் கைகுலுக்கும்போது, "சபையே சொன்னப்புறம் உக்காராம இருக்க முடியுமா?" என்று சொல்லிச் சிரித்தார். ப்ரிஸி நேராகத் தூணுக்குப் பின்னால் வந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். "டைப் ரொம்ப நீட்டா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெஸ்ட்ரிக்குப் போய்ப் பென்சிலை எடுத்தாள்.

அடுத்த மாதம் மன்றாட்டு ஜெபத்துக்கு ஒரு தாள் கொடுத்தாள். ஒவ்வொரு தெருவின் பெயரையும் நடத்துகிறவர் சொல்லச் சொல்ல, சபை ஒரு வரி சொல்ல வேண்டும். "எங்கள் தெருவையும் நினைத்தருளும்." அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னாள். அன்று சபை அதைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். தங்கள் தெருப் பெயர் வரும்போது குரல் உயர்ந்தது. பின்வரிசையில் வழக்கமாகப் போன் பார்க்கிறவர்கள்கூட அவரவர் தெருவுக்காகக் காத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து எத்தனை பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அது என் சேட்டை, ஐக்கியத்தாரே. நான் அவளைக் கவிழ்க்கப் போட்ட தடித்த எழுத்து. அதைக்கூட அவள் ஆராதனையாக்கிவிட்டாள்.

இனி நான் எழுத விரும்பாத பகுதி.

இந்த வருட வாலிபர் ஞாயிறு ஆராதனையை யார் தயாரிப்பது என்று கூட்டம் நடந்தது. நான் கை தூக்கினேன். மூன்று வருடமாக டைப் செய்கிறேன், ஒரு முறையாவது தாளின் அடியில் என் பெயர் வரவேண்டும் என்று மட்டும்தான் ஆசைப்பட்டேன். நெல்சன் அண்ணன் என்னைப் பார்த்து, என் பழைய சாதனைகளை எல்லாம் ஒரு நொடியில் நினைத்துப் பார்த்து, "இந்த வாட்டியும் ப்ரிஸி பண்ணட்டும். நீ டைப் பண்ணும்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கோயில் கேட்டுக்கு வந்து ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது ப்ரிஸி பின்னாலேயே வந்தாள்.

"கோவமா?"

"சேச்சே. டைப் பண்றதுதானே என் மூச்சு."

"நீயே பண்ணேன்டி. நான் அண்ணன்கிட்ட சொல்றேன்."

"நீ குடுத்து நான் வாங்கிக்கணுமா? பேட சாமி, பேட. ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப எப்படித்தான் வேணும் உனக்கு?"

"நீ ஒரு வாரம் வராம இரு. அப்பத் தெரியும் யாரு யாருன்னு."

அவள் சிரித்தாள். "சரி, பாக்கறேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஞாயிறு அவள் வரவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறை. நெல்சன் அண்ணன், "ப்ரிஸிக்கு முடியலையாம், வாலிபர் ஞாயிறுக்கு ரெண்டே வாரம்தான் இருக்கு, நீ பாத்துக்கறியா?" என்று கேட்டபோது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காய்ச்சல்தானே, இரண்டு வாரம் இருக்கட்டும், அப்புறம் வரட்டும் என்று நினைத்தேன். கடவுளிடம் கேட்கவில்லை. ஆனால் கேட்காத தூரமும் ரொம்ப இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சிவப்பு இதயத்தைப் போட்டேன்.

புதன்கிழமை ஜீவனஹள்ளியில் அவள் வீட்டுச் சந்து முழுக்க ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் மோட்டார் சைக்கிள்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. "எனக்கு ஜெபமே வராது என்று சொன்னேன், ஒரு புத்தகம் கொடுத்து மூன்று வரியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னாள்" என்றார் சரோஜா ஆன்ட்டி. "என் தம்பி கல்யாணத்துக்கு வேதபகுதி தேடிக் கொடுத்தாள்" என்றார் ஆட்டோக்காரர். நான் சுவரோரம் நின்று ஒவ்வொரு கதையாகக் கேட்டேன். அழுகை வரவில்லை. இவர்களுக்கெல்லாம் கொடுத்தாளே, எனக்கு என்ன கொடுத்தாள் என்றுதான் ஓடியது. அடக்கத்தன்று கணக்குப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

கிளம்பும்போது அவள் அம்மா ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். உள்ளே மூன்று புத்தகங்கள். வாலிபர் ஞாயிறுக்காக அவள் வீட்டுக்கு எடுத்துப்போனவை, பக்கங்களுக்கு நடுவே அடையாளத் துண்டுகளோடு.

"சர்ச்சு புக்கும்மா. அலமாரியில வெச்சிரணும்னு ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் சொல்லிட்டே இருந்தா."

"யார்கிட்ட குடுக்கச் சொன்னா, ஆன்ட்டி?"

"அதெல்லாம் சொல்லலையே கண்ணு. வெச்சிரணும்னு மட்டும்தான் சொன்னா. நீ வந்தே, குடுத்தேன்."

அன்றே மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் என் பெயருக்காகத் தேடினேன். ஞாயிறு காலை சீக்கிரமே போய் அலமாரியில் இருந்த எட்டையும் தேடினேன். "நெல்சன் அண்ணன் 'கடைசியாக ஒரு வார்த்தை' என்றால் பத்து நிமிடம் ஒதுக்கவும்" என்று இருந்தது. "மன்றாட்டு மிக நீளம். மூன்றாம் பத்தியில் சரோஜா ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார், முழங்கால் வலி. நான் கவனித்திருக்க வேண்டும்" என்று இருந்தது. "குழந்தைகள் செய்திக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். குழந்தைகள் மெழுகுவர்த்தியை மட்டுமே பார்த்தார்கள்" என்று இருந்தது. ஆயர் பெயர், கோயில்பிள்ளை பெயர், பாடகர் குழுவில் தூங்குகிறவர் பெயர் எல்லாம் இருந்தன. என் பெயர் எங்கும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் நான் இருந்தேன். "தடித்த எழுத்து: டைப் செய்தவரின் சேட்டை. ஆனால் சபை எதையும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. இத்தனை நாள் என் ஜெபங்களில் அவர்களுக்கு வேலையே கொடுக்கவில்லை. தவறு என்னுடையது."

டைப் செய்தவர். மூன்று வருடம் எதிரே நின்றவளுக்கு இவ்வளவுதான். சேட்டையை என் பெயரில் எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்த ஆத்திரத்தில்தான் பழுப்புப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். மன்றாட்டு ஜெபம் பற்றியது. ஜெபம் முடியும் இடத்தில் சபைக்கு ஒரு நிமிடம் அமைதி கொடுங்கள், நடத்துகிறவர் அதை வார்த்தைகளால் நிரப்ப வேண்டாம் என்று அச்சில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில், வெவ்வேறு நாட்களில் எழுதிய மூன்று வரிகள். "ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. பயந்து ஐந்து வினாடியில் முடித்துவிட்டேன்." கீழே, "மறுபடியும். எட்டு வினாடி." அதற்கும் கீழே, "இந்த முறையும் முடியவில்லை. யாராவது இருமினால் என்னைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவளால் முடியாதது ஒன்று இருக்கிறது. அதை நான் செய்துகாட்டுவேன்.

வாலிபர் ஞாயிறு தாளை நானே தயாரித்தேன். அவள் வைத்திருந்த அடையாளத் துண்டுகளை எடுத்து ஒரு கவரில் போட்டுவிட்டேன். அவள் சொல்லி நான் எழுதுவது டைப்பிங்தானே. வேதபகுதிகளை நானே தேர்ந்தெடுத்தேன், ஒரு குறு நாடகம் வைத்தேன். எல்லாவற்றையும் வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இதுல பாதி ஜோக்கு, பாதி ஜெபம். ஆண்டவர் எதுக்குச் சிரிக்கணும், எதுக்குப் பதில் சொல்லணும்?" என்று கேட்டார். பாதி ஜோக்கை எடுத்தேன். மன்றாட்டை நீளம் குறைத்தேன், சரோஜா ஆன்ட்டியின் முழங்காலுக்காக. நெல்சன் அண்ணனுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினேன். அவள் விழுந்த இடங்களையெல்லாம் நான் தாண்டிக்கொண்டே போனேன்.

அந்த ஞாயிறு நான் முன்னே நின்று தெருக்களின் பெயர்களைச் சொன்னேன். சபை தன் வரியைச் சொன்னது. அவள் வீட்டுச் சந்தின் பெயர் வந்தபோது சொன்ன விதம் வேறாக இருந்தது. பிறகு, "அமைதியாக ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டு எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்தாவது வினாடியில் வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எட்டைத் தாண்டினேன். உனக்கு முடியாதது எனக்கு முடிகிறது பார் என்று மனசுக்குள் சொன்னேன். பதினைந்தில் யாரோ இருமினார்கள். நான் அசையவில்லை. முப்பது வரைக்கும் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் ஜெயிக்க ஆள் இல்லை. எதிரே இருநூறு பேர் தலைகுனிந்து நின்றார்கள். நான் யாருக்கு எதிராக நின்றேனோ அவள் வரிசையில் இல்லை, தூணோரம் இல்லை, வெஸ்ட்ரியில் இல்லை. கோயில் கேட்டில் நான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. ஒரு வாரம் வராமல் இரு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை, அவளிடமா ஆண்டவரிடமா. அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வரி என் தாளில் இருந்தது, நானே டைப் செய்தது. வாசிக்கக் குரல் வரவில்லை. நெல்சன் அண்ணன் எழுந்து வந்து எனக்குப் பதில் வாசித்தார். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்குப் போனேன். அவளுடைய மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவது வரி எழுதினேன். "அமைதி நீண்டுவிட்டது. நடத்தியவரால் அடுத்த வரியை வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒருவரைத் தயாராக நிறுத்தவும்."

புத்தகம் கையிலிருக்கும்போதே சரோஜா ஆன்ட்டி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கன்னத்தைத் தடவினார்.

"அப்படியே ப்ரிஸி பண்ண மாதிரியே இருந்துச்சு கண்ணு. அதுலயும் அந்த அமைதி இருக்கு பாரு, அது அவளோடதுதான். அவதான் அப்படி நிறுத்துவா. எனக்குத் தெரியும்."

ஐந்து வினாடி ஆன்ட்டி. அப்புறம் எட்டு. அவள் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. இதோ, அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. இது நான் நிறுத்தியது. வாழ்க்கையில் முதல் முதலாக அவளைவிட நன்றாக நான் செய்த ஒரே காரியம், அதையும் அவள் பெயரிலா எழுதுவீர்கள்? இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா ஆன்ட்டி" என்றேன். "அவளோடதுதான்."

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். நான் செய்த சேட்டைகளில் இதை மட்டும் இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், ஆன்ட்டி படித்தால் படிக்கட்டும்.

ப்ரிஸியை அறிந்தவர்களே, அவள் கொடுத்த ஜெபங்களையும், தேடித் தந்த வேதபகுதிகளையும், அந்த ஒரு கேள்வியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அமைதியையும் அவளுடையதாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்கமாட்டேன். அவள் தவறிய இடங்களை எனக்கு விட்டுவிடுங்கள். பதினொரு புத்தகங்களில் அவற்றை முழுக்க வாசித்தவள் நான் ஒருத்திதான், அவளைவிட ஒரு படி மேலே போகவேண்டும் என்ற எரிச்சலில் வாசித்தேன். அந்த எரிச்சல் அடங்கியிருக்கும் என்று இதை எழுத உட்கார்ந்தபோது நினைத்தேன். அடங்கவில்லை. அடுத்த மாதம் ஜீவனஹள்ளியில் வேதபாடம் என் முறை. நாற்பது நிமிடத்துக்கு மேல் போகவேண்டும்.